கீழே கடை, மேலே கைக்குழந்தை: கேள்வி பதில்

தொழிற்கூடங்களுக்குள் போய்க் காற்றை அளந்து, அங்கே வேலை செய்பவர்களுக்கு அதனால் கெடுதல் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. 19 வருடமாகிறது. என் மகள் பிறந்தபோது நாங்கள் குடியிருந்ததோ ஒரு சவப்பெட்டிக் கடையின் மாடியில். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வந்த கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுக்குக் கீழே இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் நிறுவனம். உடலைப் பதப்படுத்தும் அறையும் அங்கேயேதான். மகனுக்கு நாலு மாதம். கிருமி மேலே ஏறி வருமா? ராத்திரி வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது.

கிருமி வராதும்மா. இறந்த உடல் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. பேரிடரில் நூற்றுக்கணக்கான உடல்கள் கிடக்கும்போதுகூட அவற்றால் கொள்ளைநோய் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடலைத் தொட்டு வேலை செய்பவர்களுக்குக் கையுறை வேண்டும். மாடியில் தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

நீங்கள் விசாரிக்க வேண்டியது ஃபார்மலினைப் பற்றி. பதப்படுத்தும் திரவம் அது. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வரும். கண் எரியும், மூக்கு அரிக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டுக்குள் எந்த அரை மணி நேரத்திலும் சராசரி அளவு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கீழே அந்த அறையில் வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா, அதன் குழாய் எந்த இடத்தில் வாய் திறக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஜன்னலுக்கு அடியில் என்றால் அதைக் கூரைக்கு மேல் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மகள் பிறந்த மூன்றாவது வாரம், வேலையிடத்திலிருந்து கருவியைக் கொண்டுவந்து வீடு முழுக்க அளந்தேன். மாடிப்படியில் ஒன்றுமே இல்லை. படுக்கையறையில் மட்டும் முள் ஏறியது. ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்தால், பிள்ளையின் துணி வைக்கப் புதிதாக வாங்கிய அலமாரிக்குள் அளவு உச்சம். பிளைவுட்டையும் மரத்துகள் பலகையையும் ஒட்டும் பசையிலிருந்து இதே ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் கசியும். அலமாரியைப் பால்கனிக்கு நகர்த்திவிட்டு இரண்டு வாரம் கழித்து அளந்தேன், பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. புதுத் தொட்டில், புது அலமாரி, புது பெயின்ட் எல்லாவற்றையும் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்து, ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது.

கேள்வி: கீழே டிரை கிளீனிங் கடை. லேசாக இனிப்பு கலந்த வாசனை வருகிறது. பார்க்க எவ்வளவு சுத்தமான கடை தெரியுமா! இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?

இன்று வந்த கேள்விகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். சவப்பெட்டிக் கடையைப் பார்த்துப் பயப்படும் நாம் சலவைக் கடையைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

பல கடைகளில் துணி வெளுக்கப் பயன்படுவது பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். தொழிலில் இருப்பவர்கள் பெர்க் என்பார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2006-ல் போட்ட விதிப்படி, குடியிருப்புகள் உள்ள கட்டடங்களில் பெர்க் இயந்திரங்களை 2020 முடிவுக்குள் நிறுத்த வேண்டியிருந்தது. மேலே குடியிருப்பவர்களின் வீட்டுக் காற்றில் அது சேர்வதை அளந்து பார்த்த பிறகு வந்த விதி அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, அப்படியிருக்க எப்படி மேலே வரும் என்று கேட்பீர்கள். சூடான காற்று மேலே ஏறும்போது அதையும் சேர்த்து இழுத்து வரும். தண்ணீர்க் குழாய் இறங்கும் துளை, மின்கம்பி போகும் குழாய், மாடிப்படி, இவைதான் அதற்கு வழி. கொழுப்புள்ள எதிலும் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. இப்படிப்பட்ட மாடி வீடுகளில் வைத்திருந்த வெண்ணெயில்கூடக் கண்டிருக்கிறார்கள். தாய்ப்பாலிலும் கலக்கும்.

கைக்குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும், நாம் 12 முதல் 20 வரை. எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்று அதன் உடம்புக்குள் போகிறது. அதனால் முதலில் கடைக்காரரிடம் எந்தக் கரைப்பான் என்று கேளுங்கள். இப்போது தண்ணீரில் வெளுக்கும் முறைக்கு மாறிய கடைகளும் நிறைய. பெர்க்தான் என்றால் ஆய்வகத்தில் சோதனைப் பட்டை வாங்கி, தொட்டில் உயரத்தில் 24 மணி நேரம் தொங்கவிட்டு, மூடி அனுப்புங்கள். கடை ஓடும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், விடுமுறை நாளில் தொங்கவிட்டுப் பயனில்லை.

அப்புறம், மெல்லிய காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கழிவறைக் குழாய் இறங்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். ஜன்னலை மூடிவிட்டு வீட்டு எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டதும் காகிதம் அறைக்குள் பறந்தால், நாற்றத்தை வெளியே தள்ளுவதாக நினைத்துக் கீழ்க்கடைக் காற்றை நீங்களே மேலே உறிஞ்சுகிறீர்கள். விசிறி ஓடும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். துளையைச் சிலிகான் வைத்து அடையுங்கள். அளவு அதிகம் என்று முடிவு வந்தால் வீட்டை மாற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பொறுத்துப் போகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கார் பழுதுபார்க்கும் பட்டறை மேலே இருக்கிறோம். பெட்ரோல் வாடைக்குப் பழகிவிட்டோம்.

பெட்ரோலுக்கு வாடை இருப்பதால் தெரிகிறது, வண்டிப் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. இன்றைக்கே ஒரு அலாரம் வாங்கி, குழந்தை தூங்கும் அறையில் வையுங்கள். அலாரம் அடிக்கவில்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பியத் தரப்படி செய்த அலாரம் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடம் கழித்துத்தான் அடிக்கும், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள். எண் காட்டும் திரை உள்ளதாக வாங்குங்கள். வீட்டில் இருக்கும்போது எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியேறி, அவசர உதவியை அழையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனத்தின் கிடங்கு கீழே. பூட்டியே இருக்கும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு வரும். பக்கத்து வீட்டில் வைத்த மாத்திரையின் வாயு சுவரிடுக்கில் புகுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. ‘ஆம்’ என்று பதில் வந்தால், அந்தச் சரக்கு போகும்வரை குழந்தை அங்கே தூங்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் போதுமா?

ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்குக் கிலோக்கணக்கில் செயலூட்டிய கரி வேண்டும். ஓசோன் விடும் கருவியைக் குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது.

கேள்வி: மூன்று வயது மகள் படியேறும்போதெல்லாம் சவப்பெட்டியைக் காட்டி “இது என்ன பெட்டி?” என்கிறாள். என் மாமியார் கண்ணைப் பொத்திவிடுகிறார்.

பொத்தினால் அங்கே பயப்பட ஏதோ இருக்கிறது என்று பிள்ளை புரிந்துகொள்ளும். என் மகளும் அதே வயதில் கேட்டாள். “செத்துப்போனவர்களை அதில் படுக்க வைப்பார்கள். அவர்களுக்கு வலிக்காது” என்றேன். ‘தூங்குகிறார்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ராத்திரி தூங்கவே பயப்படுவாள். கீழ்க்கடைப் பெரியவர் அன்று ஒரு பெட்டிக்கு உள்விரிப்பு தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் மீதியான முழ நீளத்தை அவளிடம் கொடுத்தார். பொம்மைக்குப் போர்வையாக்கிக்கொண்டாள். எனக்கு முதலில் கை கூசியது, பிறகு அதைத் துவைத்துத் துவைத்து நூலாகும்வரை வைத்திருந்தோம்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டைச் சோதித்துவிட்டோம், எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ராத்திரி இருபது தடவை எழுந்து பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைக்கிறேன். கீழே போட்டுவிடுவேனோ என்றெல்லாம் நினைப்பு வருகிறது. கணவர் “உனக்கு வேறு வேலை இல்லையா” என்கிறார்.

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. பிள்ளை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு இப்படிக் கேட்காமலே வந்து போகும் கொடூரமான நினைப்புகள் உண்டு. யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த நினைப்பு உங்களைப் பதறவைக்கிறது, அதைச் செய்ய நீங்கள் விரும்பவில்லை என்பதே அதற்கு அர்த்தம். ஆனால் பிள்ளை தூங்கும்போதும் நீங்கள் தூங்க முடியவில்லை என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. அந்த நினைப்பு சரியென்றே தோன்ற ஆரம்பித்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

உங்கள் கணவருக்கு: தம்பி, பத்தில் ஒரு அப்பாவுக்கும் இந்த நேரத்தில் மனச்சோர்வு வருகிறது. நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். இன்று ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். காலையில் முதல் வேலையாக மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்து நேரம் வாங்குங்கள்.