பம்ப் வாங்கும் முன் அனுமதி வாங்குங்கள்

கேள்வி: டெல்லியில் மத்திய அரசு ஊழியர் நான். டைப் 1 சர்க்கரை நோயுள்ள என் 13 வயது மகளுக்கு இன்சுலின் பம்ப் (உடலுக்குள் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் சிறு கருவி) வாங்க, மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸில் எப்படி விண்ணப்பிப்பது?
– வாசகர், ஆர்.கே.புரம்

பதில்: வாங்கிவிட்டு பில்லை நீட்டாதீர்கள், சிக்கலே அங்கேதான். அரசு மருத்துவமனை என்டோக்ரைனாலஜிஸ்ட்டின் (ஹார்மோன், சர்க்கரை நோய் நிபுணர்) பரிந்துரைக் கடிதத்தோடு உங்கள் வெல்னஸ் சென்டரில் (சி.ஜி.எச்.எஸ். மருந்தகம்) முன் அனுமதி கேளுங்கள். ‘பம்ப் தேவை’ என்ற ஒற்றை வரி எடுபடாது. தினம் 4 ஊசி போட்டும் ஏன் கட்டுப்படவில்லை என்பது அதில் இருக்க வேண்டும்: எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை) முடிவுகள், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிய நாள்கள், அதிகாலை 3 மணி அளவுகள். சர்க்கரை அளவுகளைக் குறித்துவைத்த அந்தப் பழைய நோட்டுதான் உங்கள் வக்கீல்.

பம்பிலிருந்து உடலுக்கு இன்சுலினைக் கொண்டுபோகும் குழாயான இன்ஃப்யூஷன் செட்டை 2-3 நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். மாதம் 10 முதல் 15 ஆகும். அதையும், பம்பில் இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயரையும் பரிந்துரைக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பம்பில் ஓடுவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. அதனால் குழாய் மடங்கி இன்சுலின் நின்றால், சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏறிவிடும். அப்போது ஊசி போடத் தேவைப்படும் இன்சுலின் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.