வீட்டுக்குள் வளரும் ஃபைக்கஸ் மரம் இலை கொட்டுகிறது, கீழே தரையும் பிசுபிசுக்கிறது. என்ன செய்வது?

இடம் மாற்றினாலோ ஏசி காற்று நேரே பட்டாலோகூட ஃபைக்கஸ் பெஞ்சமினா இலை கொட்டும், கொஞ்சம் ரோஷக்காரச் செடி. ஆனால் அதனால் தரை பிசுபிசுக்காது. எனக்குச் சந்தேகம் செதில் பூச்சி மேல்தான். சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். தொட்டியில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள்.

இலையைத் திருப்பி நடு நரம்பையும், அப்புறம் குச்சிகளையும் கவனியுங்கள். கடுகளவில் பழுப்பு மேடுகள் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் பூச்சியேதான்.

முதலில் மற்ற செடிகளிடமிருந்து பிரித்து வையுங்கள். சோப்புத் தண்ணீரில் தோய்த்த பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுங்கள். மேலே ஓடு இருப்பதால் வெறும் தெளிப்பு பெரிய பூச்சிகளை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு திரவ சோப்பு கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முட்டையிலிருந்து குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும், அதனால் வாரம் ஒருமுறை, குறைந்தது ஒரு மாதம்.

மொட்டைக் கிளையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் துளிர்க்கும், காய்ந்திருந்தால் வெட்டிவிடலாம். வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும். துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.