சாயத் தண்ணீரைப் பழத்தோல் போட்டுத் தெளியவைத்துப் பாய்ச்சலாமா?

கேள்வி: எங்கள் வயலை ஒட்டிப் போகும் வாய்க்காலில் சில மாதங்களாகத் துணிச் சாயத் தண்ணீர் கலந்து வருகிறது. ஒரு நாள் நீலம், ஒரு நாள் கருஞ்சிவப்பு. பழச்சாறு பிழியும் இடத்திலிருந்து ஆரஞ்சுத் தோலும் வாழைப்பழத் தோலும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. தோலைப் பதப்படுத்திப் போட்டால் சாயம் போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? எப்படிச் செய்வது? அந்தத் தண்ணீரை ஒன்றரை ஏக்கர் காய்கறிக்குப் பாய்ச்சலாமா? மிஞ்சும் தோலை எருக்குழியில் போடலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் உங்கள் வாய்க்காலுக்கு அது ஆகாது. செய்முறையைச் சொல்கிறேன், ஒரு வாளி அளவில் செய்து பாருங்கள். ஏன் ஆகாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பழத்தோலில் உள்ள பெக்டின், செல்லுலோஸ் போன்ற நார்ப்பொருள்கள் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் ஏற்கும். மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை போன்ற சாயங்களுக்கு நேர்மின்னூட்டம். அதனால் அவை தோலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வுக்கூடச் சோதனைகளில் அடிக்கடி எடுத்துக்கொள்வது மெத்திலீன் நீலத்தைத்தான், பார்க்கவும் அழகாகத் தெளியும். பருத்தித் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் அப்படியல்ல. அதுவும் எதிர்மின்னூட்டம் உடையது, தோலை அண்டாது. தண்ணீரில் அமிலம் ஊற்றி பி.எச். அளவை 2, 3க்குக் கொண்டுவந்தால் ஓரளவு ஒட்டும். அப்புறம் அந்த அமிலத்தை முறிக்கக் காரம் போட வேண்டும், அதில் உப்புதான் இன்னும் கூடும். உங்கள் வாய்க்காலில் எந்தச் சாயம் வருகிறது என்பது தெரியாமல் தோலைக் கொட்டுவது வீண் வேலை.

சரி, செய்முறைக்கு வருவோம். தோலைச் சிறிதாக நறுக்கிக் கழுவி, கையில் ஒடியும் அளவுக்குக் காயவைத்து, பொடித்துச் சலியுங்கள். பொடியைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படக் கூடாது. காஸ்டிக் சோடாவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆரஞ்சுத் தோல் அதில் கொழகொழத்துப் போகும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவுகிற தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசி, மறுபடி காயவையுங்கள். இந்த அலசலில் சோம்பல் கூடாது. பதப்படுத்தாத தோல் தன் சாற்றையே தண்ணீரில் விடும். அது அழுகி நாற்றமடித்து, சாயத்தோடு இன்னொரு தொல்லையும் சேரும்.

மூன்று கண்ணாடிப் பாட்டில் எடுங்கள். ஒன்றில் வாய்க்கால் தண்ணீர் மட்டும். இன்னொன்றில் அதே தண்ணீர் ஒரு லிட்டருக்கு 5 கிராம் பொடி. மூன்றாவதில் நல்ல தண்ணீரும் பொடியும். ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, துணியில் வடிகட்டி, வெள்ளைக் காகிதத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். மூன்றாவது பாட்டில் மஞ்சளாகியிருந்தால் அலசல் போதவில்லை. முக்கியமாக, முதல் இரண்டிலும் மின்கடத்தும் திறனை, அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் எண்ணை, அளந்து பாருங்கள். நிறம் குறைந்திருந்தாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும்.

பயிரைக் கெடுப்பது அந்த எண்தான், நிறமல்ல. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூட உப்பு போடுவது உண்டு. அத்தனையும் கழிவோடு வெளியே வருகிறது. பாசனத் தண்ணீரில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் திணறும். பீன்ஸ் அதற்கு வெகு முன்னாலேயே காய்ப்புக் குறைந்துவிடும். சோடியம் சேரச் சேர மண்ணும் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. இந்த உப்பை எந்தப் பழத்தோலும் எடுக்காது. தெளிந்துவிட்டது என்று நம்பிப் பாய்ச்சுகிற தண்ணீர், கலங்கிய தண்ணீரைவிட ஆபத்து என்பேன்.

அளவையும் கணக்குப் போடுங்கள். ஒன்றரை ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்ச ஏறக்குறைய 3 லட்சம் லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் போதும் என்று வைத்தாலும் 600 கிலோ காய்ந்த பொடி. வாழைப்பழத் தோல் காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், ஒரு பாசனத்துக்கே 6 டன் பச்சைத் தோல் வேண்டும்.

எருக்குழி? கூடவே கூடாது. தோல் சாயத்தை அழிப்பதில்லை, பிடித்துத்தான் வைக்கிறது. காற்றில்லாத குழியில் அசோ வகைச் சாயங்கள் உடைந்து நறுமண அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாகும், அவற்றில் சில புற்றுநோய் தருபவை. சில சாயங்களில் குரோமியம், செம்பும் இருக்கும். மாட்டுக்கும் போடாதீர்கள், வெளியில் எரிக்கவும் வேண்டாம். சோதனையில் மிஞ்சும் கைப்பிடிப் பொடியைக் காயவைத்துத் தனிப் பையில் கட்டி, ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்போதைக்கு வயல் மடையை அடைத்துவிடுங்கள். நிறம் வரும் நாளில் இரண்டு பாட்டில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மின்கடத்தும் திறன், பி.எச்., சோடியம், கன உலோகங்கள் நான்கையும் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். முடிவு வந்ததும் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சாயத்தை விட்டவர் தன் இடத்திலேயே சுத்திகரிக்க வேண்டிய வேலை இது, உங்கள் தலையில் விழக் கூடாது. ஏற்கெனவே பாய்ச்சியிருந்தால் மண்ணையும் சோதியுங்கள். சோடியம் ஏறியிருந்தால் பரிசோதனையில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, வடிகால் வைத்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி இறக்கலாம்.

கிடைக்கிற நல்ல பழத்தோலை நேராக எருக்குழிக்கு விடுங்கள். ஆரஞ்சுத் தோல் மட்கக் கொஞ்சம் நாளாகும். நறுக்கி, சாணமும் காய்ந்த சருகும் கலந்து போட்டால் சரியாகிவிடும்.