கொடி இரண்டு, தெரு ஒன்று: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இடதுசாரிகளின் தேர்தல் நிலையைப் பற்றி நான் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் மே தினத்தன்று காலை ஏழு மணிக்கு ஒரு செங்கொடியும் ஏழரை மணிக்கு இன்னொரு செங்கொடியும் ஏறுகின்றன. இரண்டுக்கும் நிற்பவர்கள் ஏறக்குறைய அதே பத்துப் பேர்தான்; மிட்டாய் மட்டும் இருமுறை கிடைக்கிறது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஒன்றாகிவிட்டால் என்ன?
– கைத்தறித் தொழிலாளி, செல்லூர்

மிட்டாய் இருமுறை கிடைப்பதை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள்; அந்தப் பிரிவிலிருந்துதான் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. பழைய பெயரிலேயே நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை இனி மூத்த கட்சி என்கிறேன். வெளியேறியவர்களுள் ஒருவர் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த என். சங்கரய்யா, அமெரிக்கன் கல்லூரியில் இறுதித் தேர்வை எழுதவிடாமல் 1941இல் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர், பின்னாளில் மதுரை மேற்கிலும் மதுரை கிழக்கிலும் வென்று சட்டமன்றம் சென்றவர். காங்கிரஸை எப்படி மதிப்பிடுவது, சோவியத்–சீனப் பிணக்கில் எந்தப் பக்கம் நிற்பது, 1962 எல்லைப் போரை எப்படிப் பார்ப்பது என்பவைதாம் அன்றைய வழக்குகள். அவற்றில் பாதிக்கு இன்று வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஆனால் பிரிவுக்குப் பின் சேர்ந்த காயங்கள் வேறு. 1975 நெருக்கடிநிலையை மூத்த கட்சி ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. ஆதரித்த கட்சி 1978 பதிண்டா மாநாட்டில் தன் நிலையைத் திருத்திக்கொண்டது என்றாலும், அந்த இடைக்காலத்தில் சிறையிலிருந்த தோழர்களின் குடும்பங்கள் அதை எளிதில் மறந்துவிடவில்லை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றக் கணக்கைப் பாருங்கள். 1967இல் தி.மு.க.வுடன் நின்ற மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடம், தனியே நின்ற மூத்த கட்சிக்கு 2. 1971இல் மூத்த கட்சி தி.மு.க. பக்கம் போய் 8 இடம் வென்றது, மார்க்சிஸ்டுகளுக்கு ஒன்றுமில்லை. 1977இல் அ.தி.மு.க.வுடன் சேர்ந்த மார்க்சிஸ்டுகளுக்கு 12, காங்கிரஸுடன் சேர்ந்த மற்றவர்களுக்கு 5. கிணற்று ஏற்றம் போல ஒரு முனை ஏறும்போது மறுமுனை இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் யார் வயலுக்குப் பாய்ந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும், 'இணைந்துவிடுங்கள்' என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நேபாளத்தில் இரண்டு பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகள் 2017 தேர்தலைக் கூட்டாகச் சந்தித்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வென்றன. அந்த உற்சாகத்தில் 2018 மே மாதம் ஒரே கட்சியாக இணைந்தன. தலைமை யாருக்கு, பிரதமர் பதவி எத்தனை ஆண்டு யாருக்கு என்ற சண்டையில் வீடு உள்ளேயே பிளந்தது. 2021 மார்ச்சில் அந்த இணைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டாக நின்றபோது வென்றவர்கள் ஒன்றாகக் குடியேறியபோது தோற்றார்கள்.

அதற்கு மாறாகக் கேரளத்தை வைத்துப் பாருங்கள். பிரிந்த மறு ஆண்டான 1965இல் இரு கட்சிகளும் எதிரெதிரே நின்று, மார்க்சிஸ்டுகள் 40 இடமும் மூத்த கட்சி 3 இடமும் பெற்றன. ஆட்சி எவருக்கும் அமையவில்லை. 1967இல் சேர்ந்து நின்று 52, 19 என்று வென்று ஆட்சியமைத்தார்கள். 1969இல் அதுவும் உடைந்து, அச்சுத மேனன் தலைமையில் மூத்த கட்சி ஆள, மார்க்சிஸ்ட் கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தது. பத்தாண்டுக்கு மேல் அப்படிக் கசந்துகிடந்தவர்கள்தாம் 1980இல் இடது ஜனநாயக முன்னணியாக மீண்டும் கூடினார்கள்; அதன் பிறகு தேர்தல்களில் தோற்றிருக்கிறார்கள், ஆனால் பிரியவில்லை. 2025 அக்டோபரில் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மார்க்சிஸ்ட் தலைமையிலான மாநில அரசு கையெழுத்திட்டதை முன்னணிக்குள் இருந்துகொண்டே மூத்த கட்சி வெளிப்படையாக எதிர்த்தது. அரசு அத்திட்டத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. முன்னணி கலையவில்லை. தனித்தனி அடுப்பில் சமைத்துக்கொண்டு ஒரே பந்தியில் உட்காருகிற ஏற்பாடு அது. உங்கள் தெருவில் இரண்டு கொடிகளும் இருக்கட்டும்; ஒரே நேரத்தில் ஏற்றினால் போதும் என்பது என் கட்சி.

இரண்டு கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் வெற்றி வந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

கணக்கு ஆசிரியராக இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2014 மக்களவைத் தேர்தலில் திராவிடக் கட்சிகள் கைவிட்டபின் இரு கட்சிகளும் தொகுதிக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு ஒன்பது ஒன்பது இடங்களில் நின்றன. மாநில அளவில் இருவரும் சேர்ந்து பெற்றது நூற்றுக்கு ஒரு வாக்கைச் சுற்றித்தான். 2016இல் மக்கள் நலக் கூட்டணியாக இன்னும் சில கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரிடம்கூடக் கிடைக்காமல், விடுதலைக்குப் பின் கம்யூனிஸ்ட் உறுப்பினரே இல்லாத முதல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அன்று அமைந்தது. ஒற்றுமை இருந்தும் தோற்றார்கள் என்பதை, ஒற்றுமை பேசுகிறவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, வேறு இடம் இல்லாததால் சேருகிறவர்களை வாக்காளர் அடையாளம் கண்டுகொள்கிறார்.

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நாங்கள் நடந்தபோது எல்லாக் கட்சிக்காரர்களும் கூட வந்தார்கள்; இடதுசாரிகள் முன்வரிசையிலேயே இருந்தார்கள். தேர்தல் என்று வந்ததும் அவரவர் வழக்கமான சின்னத்துக்கே போய்விடுகிறோம். இது ஏன்?
– விவசாயி, மேலூர் வட்டம்

வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர் அது, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதற்குள் வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலத்தை ஒன்றிய அரசு ரத்துசெய்தது. இரண்டரை மாதத்தில் முடிந்த காரியம்.

அந்த ஒற்றுமையை எந்தக் கட்சி அலுவலகமும் தயாரித்துக் கொடுக்கவில்லை. ஊர்க் கூட்டம் முடிவெடுத்தது. இழக்கப்போகும் நிலத்துக்குச் சர்வே எண் இருந்தது. எதிராளி யார் என்பதில் ஐயமில்லை. நாடாளுமன்றத் தேர்தலுக்கோ சட்டமன்றத் தேர்தலுக்கோ அப்படி ஒரு சர்வே எண் கிடையாது. ஜெயிக்கிறவர் யார், நம் ஆள் யார், நாளைக்குத் தாலுகா ஆபீசில் காரியம் ஆக யாரிடம் போவது என்று வாக்காளர் பல கணக்குகளைப் போடுகிறார். போராட்டத்தில் கூட நின்றதற்கு நன்றியாக வாக்கு வரும் என்று இடதுசாரிகள் எதிர்பார்ப்பதுதான் பிழை. நன்றி வேறு, வாக்கு வேறு. நான்கு நாள் வெயிலில் நடந்தவர் ஐந்தாண்டுக்கும் நடப்பார் என்ற நம்பிக்கை வரும்போதுதான் ஒன்று மற்றொன்றாகிறது.

வில்லாபுரத்தில் லீலாவதியின் கதை இதற்குச் சான்று. நெசவாளர் குடும்பத்துப் பெண், மார்க்சிஸ்ட் கட்சியின் மாநகராட்சி உறுப்பினர். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த பகுதிக்கு மாநகராட்சிக் குழாயைக் கொண்டுவர உழைத்தார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பேரைச் சொன்னால் அந்தப் பக்கத்துப் பெண்கள் கொடியின் நிறத்தை விட்டுவிட்டுக் குழாயைத்தான் முதலில் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது நான் நேரில் பார்த்தது. ஒரு தேர்தலின்போது ஆரப்பாளையம் பக்கம் ஒரு சந்தில், காலை ஒன்பது மணிக்கு ஒரு தோழர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீல மசியில் டிக் போட்டபடி வீடு வீடாகப் போனார். பத்தரை மணிக்கு அதே பட்டியலின் இன்னொரு நகலோடு, சிவப்பு மசியோடு, கூட்டணியிலிருந்த மற்ற இடதுசாரிக் கட்சியின் தோழர் வந்தார். மூன்றாவது வீட்டு ஆச்சி, "இப்பத்தானப்பா ஒருத்தர் கேட்டுட்டுப் போனாரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற மாட்டீகளா?" என்றார். அரசியல் தீர்மானங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். ஆச்சியின் விமர்சனத்துக்கு அவற்றில் பதில் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர் என்பது தேர்தல் ஆணையத்தின் வரம்பு. ஏறத்தாழ முந்நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு அந்தப் பகுதியில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு அறுபது வீடு. மாதம் ஒருமுறைகூட எட்டிப்பார்க்க முடியாது. இரண்டு கிளையும் சேர்ந்து பத்துப் பேர் என்றால் ஆளுக்கு முப்பது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழெட்டு வீடு. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, நூறு நாள் வேலைக் கூலி வராதது என்று அந்த முப்பது வீட்டின் விவகாரமும் ஒருவருக்கு அத்துப்படியாக இருந்தால், தேர்தல் நேரத்தில் அவர் எந்தக் கட்சி என்று எவரும் கேட்க மாட்டார்கள். ஒற்றுமையை மாநிலக் குழுவில் தொடங்குவதைவிட இந்தப் பட்டியலைப் பங்குபோடுவதில் தொடங்கலாம்.

வெளிநாடுகளில் இடதுசாரிகள் சேர்ந்து வென்றதில்லையா?
– கல்லூரி மாணவி, மதுரை

உருகுவே நாட்டைப் படியுங்கள். அதன் மக்கள்தொகை நம் மதுரை மாவட்டத்தைவிடச் சற்றே அதிகம். 1971 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள், சோசலிஸ்டுகள், கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், பழைய கட்சிகளிலிருந்து வெளியேறியவர்கள் ஆகியோர் 'பரந்த முன்னணி' அமைத்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் வேட்பாளர் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பட்டியலுக்குப் போட்டாலும் அந்த வாக்கு முன்னணியின் ஒரே அதிபர் வேட்பாளருக்கும் சேரும். அதைவிட முக்கியம், எந்தப் பிரிவிலும் சேராதவரும் வந்து உட்காரக்கூடிய வட்டாரக் குழுக்கள். முதல் தேர்தலில் 18 விழுக்காடு. பிறகு இராணுவ ஆட்சி, தடை, சிறை. 1989இல் தலைநகர் மாநகராட்சி. அதிபர் பதவி 2004இல். முப்பத்து மூன்று ஆண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது அடுத்த தேர்தலுக்கான வழியை.

எதிர்மாறான பாடத்துக்குப் பிரான்ஸ். 2024 ஜூன் 9 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் சில நாள்களிலேயே இடதுசாரிகள் ஒன்றுகூடி, ஜூலையில் மிகப் பெரிய அணியாக வந்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அரசின்மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இரண்டாகப் பிரிந்து வாக்களித்தார்கள்.

சாதி இருக்கும்வரை ஏழைகள் ஒன்றுசேர்வார்களா?
– உசிலம்பட்டி வாசகர்

உங்களுக்குப் பக்கத்து உத்தப்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலித் மக்களின் வழியை அடைத்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டதற்கு மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் செய்த இயக்கம் முக்கியக் காரணம். இத்தகைய இயக்கம் ஒரு பக்கத்தில் வாக்கைக் கூட்டாமல் போகலாம், மறுபக்கத்தில் குறைக்கவும் செய்யலாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து மௌனமாக இருக்கும் இடதுசாரிக் கட்சி, பெரிய கட்சிகளின் சிறிய நகலாகத்தான் இருக்கும்.

பெரிய கட்சி கொடுக்கும் இடத்தை வாங்கிக்கொண்டே இருந்தால் சொந்தக் காலில் எப்போது நிற்பது?
– வாசகர், பழங்காநத்தம்

மதுரை மக்களவைத் தொகுதியில் 2019லும் 2024லும் மார்க்சிஸ்ட் கட்சி வென்றது தி.மு.க. கூட்டணியில்தான், இரண்டாம் முறை வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கூட்டணியை உதறிவிட வேண்டும் என்று 2014ஐ நினைவில் வைத்திருப்பவர் எவரும் சொல்ல மாட்டார். ஆனால் 2019 தேர்தல் செலவுக்காக இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாகத் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் காட்டியபோது, இரு கட்சிகளும் வங்கி வழியே வாங்கியதுதான் என்று விளக்கம் சொன்னார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. உண்டியல் குலுக்கி வளர்ந்த கட்சிக்காரர் பலருக்கு அந்த விளக்கம் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது.

2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் தலைக்கு 2 தொகுதி, 2021 சட்டமன்றத் தேர்தலில் தலைக்கு 6 தொகுதி என்று இருவருக்கும் ஒரே அளவு அளக்கப்பட்டதைக் கவனித்தீர்களா? இருவரும் தனித்தனியே போய்ப் பேசுகிறார்கள். ஒருவருக்குக் கொடுத்ததைக் காட்டி மற்றவரை அமர்த்திவிட முடிகிறது. ஒரே பட்டியலோடு ஒரே குழுவாகப் போய் உட்கார்ந்தால், எண்ணிக்கை கூடுகிறதோ இல்லையோ, எந்தத் தொகுதி என்பதிலாவது பேச்சுக்கு வலு இருக்கும். அதை ஒத்திகை பார்க்க ஏற்ற இடம் உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளில் எவை எவருக்கு வலுவானவை என்பதை இரு மாவட்டக் குழுக்களும் ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அந்த ஆரப்பாளையத்து ஆச்சியைத் தலைமை தாங்க அழைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.