கம்பி கொட்டகையில் கிடக்கட்டும்

கேள்வி: அக்கா, நாங்கள் டாலஸில் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள். போன வருடம் டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் 140 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கி 22 மாடுகள் விட்டிருக்கிறோம். குறுக்கு வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அரசாங்கம் பணம் தரும் என்கிறார்களே, யாரைப் பார்ப்பது? கம்பிச் சுருள்கள் வந்து இறங்கிவிட்டன.

பதில்: தரும். ஆனால் அந்தக் கம்பி கொட்டகையிலேயே கிடக்கட்டும். ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள்.

ஏன் பதறுகிறேன் என்றால், நான் தோண்டினேன். 2011 வறட்சி டெக்சாஸில் இருந்தவர்களுக்கு மறக்காது. எங்கள் குளம் வெடித்துக் கிடந்தது. நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் கொஞ்சம் புல்லாவது மிஞ்சும் என்று நானும் வீட்டுக்காரரும் கம்பம் நட ஆரம்பித்துவிட்டோம். பாதி வேலி முடிந்த பிறகுதான் விண்ணப்பம் போட்டேன். நிலத்தைப் பார்க்க வந்த பெண் அதிகாரி கம்பங்களைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். “ஒப்பந்தத்துக்கு முன்னால் தொடங்கிய வேலைக்குப் பணம் தர வழியில்லை மேடம்” என்றார். அவர் மேல் தப்பில்லை. விதி அப்படித்தான். முக்கால் பங்கு செலவு வந்திருக்க வேண்டியது, அவசரத்தில் போயிற்று.

சரி, வழிக்கு வருவோம். உங்கள் கவுண்டிக்கான (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேளாண் துறை சேவை மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஒரே கூரைக்குள் இரண்டு அலுவலகங்கள் இருக்கும். ஒன்று எஃப்எஸ்ஏ (பண்ணைச் சேவை முகமை), பண்ணைகளின் பேரேடு வைத்திருப்பது. இன்னொன்று என்ஆர்சிஎஸ் (இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை), மண், புல், தண்ணீர் பார்ப்பது. பலரும் நேரே இரண்டாவது மேசைக்குப் போய் உட்கார்ந்து திரும்பி வருவார்கள். முதலில் எஃப்எஸ்ஏயில் பண்ணை எண் வாங்க வேண்டும். பத்திரம், அடையாள எண், அப்புறம் இரண்டு படிவம். ஈரநிலத்தையும் அரிக்கும் நிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்று ஏ.டி.1026. சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்று சி.சி.சி.941. மென்பொருள் சம்பளமும் அந்தக் கணக்கில் சேரும், நினைவிருக்கட்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய திட்டத்துக்குப் பெயர் ஈக்விப். 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. வேலி, குழாய், தொட்டி, ஜூனிபர் புதர் அழிப்பது எல்லாம் இதில் அடங்கும். சாதாரணமாகச் செலவில் 75 சதவீதம் வரை. நீங்கள் பண்ணை நடத்தத் தொடங்கி 10 வருடம் ஆகாதவர்கள், அதனால் புதிய விவசாயி என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். 90 சதவீதம் வரை போகலாம். பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். ஆனால் அதை 90 நாளில் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தர வேண்டும். மற்றவர்களுக்கு வேலை முடிந்து, அளந்து, சரி என்ற பிறகுதான் பணம்.

பணம் உங்கள் பில்லைப் பார்த்து வராது. ஓர் அடி வேலிக்கு இவ்வளவு என்று மாநிலத்துக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வேலிக்காரர் கூடக் கேட்டால் மிச்சம் உங்கள் பை. கம்பியின் தடிமன், கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. இறக்கி வைத்த சுருள் அந்த அளவில் இல்லாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

இன்னொன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? 140 ஏக்கரில் 22 மாடு அதிகம். சுண்ணாம்புப் பாறை மேல் ஒட்டியிருக்கும் மண் அது. அங்கே ஒரு பசுவுக்கு 15, 20 ஏக்கர் என்றுதான் நாங்கள் கணக்குப் போடுவோம். என்ஆர்சிஎஸ்காரர் வந்ததும் முதலில் புல்லைக் குனிந்து பார்ப்பார், பிறகு மாட்டை எண்ணுவார். மாட்டைக் குறைக்கச் சொன்னால் முறைக்காதீர்கள். அவர்கள் பணம் தருவது புல்லுக்கு, வேலி அதற்கு ஒரு சாக்கு. போட்ட வேலியை 20 வருடம் பராமரிக்கவும் வேண்டும்.

கேள்வி: மழையே இல்லை. வைக்கோல் வாங்கி மாளவில்லை. இதற்கு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, எல்எஃப்பி என்று வறட்சியில் மேய்ச்சல் போனவர்களுக்கான உதவித் திட்டம். எஃப்எஸ்ஏ மேசைதான். வியாழக்கிழமை தோறும் வறட்சி வரைபடம் வெளியாகும். மேய்ச்சல் பருவத்தில் உங்கள் கவுண்டியின் ஒரு மூலையில் டி3, அதாவது அதிதீவிர வறட்சியைக் காட்டும் சிவப்பு, பட்டுவிட்டாலும் 3 மாதத் தொகைக்குத் தகுதி. மாதத் தொகை என்பது தீவனச் செலவில் 60 சதவீதக் கணக்கு. ஆனால் எத்தனை ஏக்கர் மேய்க்கிறீர்கள் என்ற அறிக்கை அவர்களிடம் இருக்க வேண்டும். குத்தகை நிலமா? வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். நான் இப்போதும் வியாழன் காலை காபியோடு அந்த வரைபடத்தைத்தான் திறக்கிறேன். ராசிபலனை விட நம்பகமானது.

கேள்வி: பக்கத்து நிலத்துப் பெரியவர், “அரசாங்கப் பணத்தைத் தொட்டால் நிலம் உன்னுடையது இல்லை” என்று பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: எங்கள் ஊரிலும் அப்படிப் பேசும் பெரியவர்கள் உண்டு. காபி நன்றாகப் போடுவார்கள். நிலம் உங்களுடையதுதான், சேர்வதும் உங்கள் விருப்பம். ஆனால் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம். செய்த வேலையைப் பார்க்க வருவார்கள். பாதியில் விட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அபராதமும் வரலாம். 1930களில் சமவெளி மண்ணெல்லாம் தூசியாகப் பறந்து வாஷிங்டன் வரை போன பிறகுதான், 1935இல் என்ஆர்சிஎஸ்ஸின் முன்னோடியான மண் பாதுகாப்புத் துறையே பிறந்தது. எஃப்எஸ்ஏயின் கவுண்டிக் குழுவை விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பெரியவரையே நிற்கச் சொல்லுங்களேன்.

கேள்வி: விண்ணப்பம் எழுதித் தர ஒருவர் 10 சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. நிரப்புவதற்கு அந்த அலுவலகத்தில் இருப்பவர்களே உதவுவார்கள். தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொண்டு, பத்திரத்தோடு போங்கள்.