ஃபீனிக்ஸை ஒடுக்கியது யார்?

கேள்வி: அமெரிக்காவின் செரோக்கி மக்கள் 1828-லேயே சொந்த எழுத்தில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற பத்திரிகையை நடத்தினார்கள், வெள்ளையர் அதை ஒழித்துவிட்டார்கள் என்று படித்தேன். பூர்வகுடிப் பத்திரிகைக்கு ஆபத்து எப்போதும் வெளியிலிருந்துதானே வருகிறது?
– வாசகர், சிவகாசி

பதில்: பாதிதான் சரி.

அச்சுத் தொழில் ஊர்க்காரர் நீங்கள், எனவே அச்சிலிருந்தே தொடங்குகிறேன். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத சீக்வோயா என்ற செரோக்கிக்காரர், 1821 வாக்கில் தம் மொழிக்கு எழுத்து அமைத்தார். மொத்தம் 86, பிறகு ஒன்று வழக்கொழிந்து 85. நம் ‘கொ’வுக்குக் கொம்பும் காலும் தனித்தனியே கோப்பதுபோல் அங்கே கிடையாது. ஓர் அசைக்கு ஓர் எழுத்து. படிக்கிறவருக்குச் சுகம், கம்பாசிட்டருக்குத் தலைவலி. அச்செழுத்துகளை அடுக்கிவைக்கும் ஆங்கில டைப் கேஸில் இத்தனை அறைகளுக்கு எங்கே போவது? டைப்பை பாஸ்டனில் வார்த்து, கப்பலிலும் வண்டியிலுமாக செரோக்கித் தலைநகர் நியூ எக்கோட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். அச்சுக் கோக்க வந்த வெள்ளையர்களுக்கு அந்த மொழி தெரியாது.

1828 பிப்ரவரி 21 அன்று ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ முதல் இதழ் வந்தது. நான்கு பக்கம், இரண்டு மொழி. முன்பணமாகக் கட்டினால் ஆண்டுச் சந்தா இரண்டரை டாலர். செரோக்கி மட்டும் படிப்பவருக்கு 2 டாலர். ஆனாலும் ஆங்கிலமே அதிக இடம் பிடித்தது. நிலத்தைப் பறிக்கும் பேச்சு வாஷிங்டனில் நடக்கும்போது அங்கே இருப்பவர்கள் படிக்க வேண்டாமா?

இனி உங்கள் கேள்வி. அச்சகம் செரோக்கி அரசின் சொத்து. ஆசிரியர் எலியாஸ் பூடினாட் அந்த அரசு நியமித்தவர். 1830-ல், பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் அமெரிக்க அரசின் வெளியேற்றச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, பத்திரிகைக்குத் துணைநின்ற மிஷனரி வூஸ்டரை ஜார்ஜியா மாநில அரசு சிறையில் தள்ளியது. 1832-ல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் ஜார்ஜியா அசையவில்லை. இனி இங்கே இருக்க முடியாது என்ற முடிவுக்கு பூடினாட் வந்தார். அந்த வாதத்தையும் பத்திரிகையில் வைக்கப் பார்த்தார். முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் விடவில்லை: மக்கள் ஒரே குரலில் நிற்கும்போது அரசுப் பத்திரிகையில் இரண்டாவது குரல் கூடாது. 1832 ஆகஸ்டில் பூடினாட் விலகினார். அந்த நாற்காலியில் ராஸின் மைத்துனர் எலைஜா ஹிக்ஸ் உட்கார்ந்தார். (மைத்துனருக்கு நாற்காலி என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பீர்கள்.) 1834 மே 31-க்குப் பிறகு, காசில்லாமல் இதழ் நின்றது. ஜார்ஜியாவின் காவல்படை அச்சகத்தை அள்ளிக்கொண்டு போனது 1835-ல்தான். அதற்குக் கைகொடுத்தவர் ஸ்டாண்ட் வாட்டி. பூடினாட்டின் உடன்பிறந்த தம்பி.

அதற்காக பூடினாட்டைத் தியாகியாக்கிவிடாதீர்கள். 1835 டிசம்பர் 29 அன்று, தம் மக்களின் அரசு எந்த அதிகாரமும் தராத நிலையில், கிழக்கு நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அதைக் காட்டித்தான் 1838-ல் பட்டாளம் வந்து மக்களை மேற்கே ஓட்டியது. ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அனுமதியின்றி நிலம் விற்றவனுக்குச் செரோக்கிச் சட்டத்தில் மரண தண்டனை. 1839 ஜூன் 22 அன்று பூடினாட்டைச் சொந்த மக்களே வெட்டிக் கொன்றார்கள். நில விஷயத்தில் ராஸ் பக்கம்தான் நியாயம். பத்திரிகை விஷயத்தில் பூடினாட் பக்கம்.

செரோக்கி அரசுக்கும் இது பின்னால் புரிந்தது. பத்திரிகை அரசுப் பணத்தில் நடந்தாலும், செய்தியில் அரசியல்வாதிகள் கைவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆண்டு 2000. பூடினாட் விலகி 168 வருடம் ஆகியிருந்தது.