48 மணி நேரப் போட்டியில் எப்போது தூங்குவது?

கேள்வி: நான் கோண்டாவிலில் இருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரன், வயது 51. நவம்பர் கடைசி முழு வார இறுதியில், உலகெங்கும் உள்ள ரேடியோக்காரரோடு மோர்ஸில் தொடர்பு எடுத்துப் புள்ளி சேர்க்கும் சீக்யூ வேர்ல்ட் வைட் போட்டி நடக்கும்; அதில் 48 மணி நேரமும் இருக்க ஆசை. போன முறை இரண்டாம் இரவில் தலை சுற்றியது, காதும் முதுகும் நொந்தன. திங்கள் காலை மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகவேண்டும். எப்படிச் சமாளிப்பது?

பதில்: முழுக்க விழித்திருக்கும் எண்ணத்தை முதலில் விடுங்கள். உடம்புக்காக மட்டும் அல்ல, புள்ளிக்காகவும்தான். இந்தப் போட்டியில் ஓர் அழைப்புக்குறியை, அதாவது மற்ற நிலையத்தின் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த பெயரை, பிழையாகப் பதிந்தால் அந்தத் தொடர்பு போய்விடும். அதற்கு மேல் அதன் புள்ளியைப்போல் இரு மடங்கு தண்டமாகவும் கழியும். மோர்ஸில் எச் என்றால் நான்கு டிட் (குறுகிய ஒலி), 5 என்றால் ஐந்து டிட். வேகமாக வரும்போது அந்த ஒரு டிட்டை நித்திரைக் காது தவறவிடும். அப்படி எடுக்கும் தொடர்புகளைவிடப் படுத்திருப்பது லாபம்.

நமக்குப் போட்டி சனி காலை 5.30க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30க்கு முடிகிறது. அலைவரிசைகளில் 10, 15 மீற்றர் பகலுக்குரியவை, இரவு ஏற ஏற அடங்கிவிடும். 40, 80 மீற்றருக்குப் பெரிய அன்டெனா இல்லாதவருக்கு நள்ளிரவுக்குப் பின் அழைத்தாலும் பதில் குறைவு. அதுதான் படுக்கும் நேரம். ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் என்பதால் இரு இரவும் மூன்று மணி நேரமாவது படுங்கள். எழும்பின கையோடு மூளை ஓடாது. முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து உட்காருங்கள். முந்திய இரண்டு மூன்று இரவுகளில் நேரத்தோடு படுப்பதும் கைகொடுக்கும். கோப்பி, தேத்தண்ணியை மாலை ஆறோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் கஃபீனில் பாதி உடம்பில் இருக்கும்.

காது நோவுக்கு ஹெட்போனின் அழுத்தமும் காரணமாகலாம், ஆனால் எனக்குச் சந்தேகம் சத்தத்தின் மேல். களைக்கக் களைக்க நாம் அறியாமலே கூட்டிக்கொண்டு போவோம். வேலைத்தளங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம்; 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். பக்கத்துச் சிக்னல்களை வெட்டும் ஃபில்டரை ஒடுக்கி, ரேடியோ அலையைப் பெருக்கும் அளவான ஆர்எஃப் கெயினைக் குறைத்துப் பாருங்கள், மெல்லிய சிக்னல் தெளிவாகும், சத்தத்தைக் கூட்டத் தோன்றாது.

தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்காமல் அடுத்த அறையில் வையுங்கள். குடிக்க எழும்பும்போது காலுக்கும் முதுகுக்கும் அசைவு கிடைக்கும். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடியப்பம் சொதி, அவித்த பயறு, வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்று வந்தவர் என்பதால் போட்டிக்கு முன் பிரஷரும் சுகரும் பார்த்தேயாகவேண்டும். நெஞ்சு நோவு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் ரேடியோவை அப்படியே விட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நவம்பர் நமக்கு மழைக்காலம். படுக்கப் போகுமுன் அன்டெனாக் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடவே கூடாது.

திங்கட்கிழமைக்கு இப்போதே லீவு போடுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லீவு கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டு பஸ்ஸில் போங்கள்.